மலைக்குப் போன கச்சேரி

1834 ஜூன் மாதம் சென்னையிலிருந்து மேற்கே ஒரு பல்லக்கு புறப்பட்டது. பெங்களூர்ப் பாதை அப்போது ஆற்காட்டு வழியாகத்தான். உள்ளே இருந்தவருக்கு வயது 33. இங்கிலாந்துக் கப்பலிலிருந்து சென்னைக் கரையில் இறங்கி சில நாட்களே ஆகியிருந்தன. பெயர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் ஆலோசனை சபையின் சட்ட உறுப்பினராகப் பொறுப்பேற்க வந்தவர். கவர்னர் ஜெனரல் பெண்டிங்கோ உடம்பு சரியில்லாமல் உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். அங்கே வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். கூட வந்த தங்கை ஹன்னா கடல் வழியாகக் கல்கத்தாவுக்குப் போக, அண்ணன் மலைக்குப் போனார். பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர், அப்புறம் நீலகிரி. ஏறக்குறைய 400 மைல், முழுவதும் மனிதர் தோளில்.

ஆற்காட்டிலிருந்து தெற்கே திமிரி, திமிரிக்குத் தெற்கே ஆரணி, ஆரணியை ஒட்டி நாங்கள் தறி நெய்யும் சேவூர். எங்கள் மண்ணின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு அந்தப் பல்லக்கு போனது என்று சொல்வதில் எனக்கு ஒரு உரிமை இருக்கிறது. பின்னாளில், 1840-இல், மெக்காலே ராபர்ட் கிளைவைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். 1751-இன் ஆற்காட்டு முற்றுகை அதில் விரிவாக வரும். அதையடுத்துக் கிளைவ் பிடித்த திமிரிக் கோட்டையும் வரும். அந்த டிசம்பரில் ராஜா சாகிபின் படையைக் கிளைவ் முறியடித்த சண்டை ஆரணியில் நடந்தது. 1782-இல் ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் நடந்த சண்டையும் ஆரணியில்தான். ஆக, எங்கள் ஊர்ப்பக்கம் சரித்திரப் புத்தகங்களில் இடம்பெறுவதெல்லாம் குதிரையும் பீரங்கியுமாகத்தான். தறியும் மழையும் எங்கேயாவது வருகிறதா என்று தேடித்தான் நான் இந்தப் பல்லக்கின் பின்னால் மலை ஏறினேன்.

ஜூன் கடைசியில் மெக்காலே உதகைக்குப் போய்ச் சேர்ந்தார். அது எந்த மாதம் என்று மலைக்காரர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: தென்மேற்குப் பருவமழை இறங்கும் மாதம். சென்னைக் கடற்கரையில் வெயில் கொளுத்தும்போது கிளம்பியவர், கணப்பு மூட்டிக்கொண்டு உட்காரும்படி ஆயிற்று. மழையும் மூடுபனியும் வெளியே விடவில்லை. ஆகஸ்ட் வரை அப்படித்தான். கையோடு கொண்டுவந்திருந்த ரிச்சர்ட்சனின் ‘கிளாரிஸா’ என்ற நாவலை மலையிலிருந்த துரைமார்களுக்கும் துரைசானிகளுக்கும் படிக்கக் கொடுத்தார். கை மாறிக் கை மாறி அதைப் படித்து ஊரே அழுது தீர்த்தது என்று பிற்காலத்தில் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயிடம் அவரே சொல்லியிருக்கிறார். மழையில் வீட்டுக்குள் அடைபட்ட ஒரு அரசாங்கம் நாவல் படித்துப் பொழுதைப் போக்கியிருக்கிறது. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. மழை நாளில் தறியை நிறுத்திவிட்டு நாங்களும் கதைதான் பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் அந்த மழைக்குள் வேலையும் நடந்தது. இந்தியா முழுமைக்கும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் கவர்னர் ஜெனரல் சபைக்குக் கொடுத்திருந்தது. அந்தச் சபை கூடத் தொடங்கியது கல்கத்தாவில் அல்ல, மேகம் மூடிய அந்த மலையில். அதே மெக்காலே தலைமையில் உருவான தண்டனைச் சட்ட முன்வரைவு 1837-இல் முடிந்து, 1860-இல் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நாளிலிருந்து 2024 ஜூன் கடைசி வரை நம்மை ஆண்டது.

பல்லக்குத் தூக்கியவர்களின் பெயர் எதுவும் நான் பார்த்த எந்தக் காகிதத்திலும் இல்லை. சமவெளி ஆட்கள். இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு. ஜூன் மழையில் ஏழாயிரம் அடி உயரத்தில் அவர்கள் எதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்? துணி நெய்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

உதகையைத் துரைமார்களின் ஊராக்கியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-இல் மலை ஏறினார். 1820-களின் தொடக்கத்தில் உதகையில் கல் வீடு கட்டினார். மலைக்காரர்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். ஓடைகளை மறித்து ஏரி வெட்டியதும் அவர்தான். அந்த நிலம் தோடர்களுடையது என்றும், அவர்களுக்கு அதன்மேல் உரிமை உண்டு என்றும் கும்பினியோடு வாதாடிய மனிதரும் அவரே. 1826-இல் கவர்னர் தாமஸ் மன்றோ அவருக்கு விருந்தாளியாக வந்து போனார். கவர்னர்கள் வரத் தொடங்கினால் சாலை வரும், சாலை வந்தால் கச்சேரி வரும். 1870-இலிருந்து சென்னை மாகாண அரசாங்கமே ஆண்டுதோறும் கோடைக்கு மலை ஏறுவது வழக்கமாயிற்று. கவர்னர், சபை உறுப்பினர்கள், செயலாளர்கள், அவர்களுடைய கோப்புகள், கோப்புகளைச் சுமக்கும் சேவகர்கள், நகல் எடுக்கும் குமாஸ்தாக்கள் எல்லாரும் போவார்கள். 1899-க்கு முன்னால் மலை ரயில் குன்னூருக்குக்கூட வரவில்லை. உதகைக்கு வந்தது 1908-இல். மலை ரயில் வரும்வரை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் கோப்புப் பெட்டிகள் மேலே போயின. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் குடும்பத்தை விட்டுவிட்டு, கம்பளிக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு போன அந்தக் குமாஸ்தாக்களுக்கு மலை உல்லாசம் இல்லை, உத்தியோகம். இன்றும் மலையில் வேலை பார்க்கும் அரசு ஊழியருக்கு மலைப்படி, குளிர்காலப்படி என்று சம்பளத்தில் தனியாக ஒரு தொகை வருகிறது. அது எப்படி வந்த தொகை என்று யோசித்தால் அந்தக் குமாஸ்தாக்கள் கண்முன் நிற்பார்கள்.

நானும் அந்த மலைக்கு வேலையாகப் போனவன்தான். மே மாதச் சீசனில் கைத்தறிக் கண்காட்சி நடக்கும். மலர்க்காட்சிக்கு வரும் கூட்டம் சேலையும் பார்க்கும் என்ற கணக்கு. தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி 1896-இலிருந்து நடக்கிறது. நூற்றாண்டுக்கு மேல் நிற்கும் கூட்டம் என்பதால் வியாபாரிகளுக்கு அதன்மேல் நம்பிக்கை உண்டு. சேலை மூட்டைகளோடு திருவண்ணாமலை, சேலம், மேட்டுப்பாளையம், குன்னூர் என்று வேன் ஏறும். 2024-இலிருந்து மலை ஏறும் வண்டிக்கு நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். ஆரணியில் கிளம்பும்போது வேலூர் வெயில். எங்கள் பக்கத்து மே மாதம் எப்படி என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மேலே போனால் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போவோம்.

ஒரு முறை மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. முதலில் தகரக் கூரைமேல் கல் வீசுவதுபோல் சத்தம். ஆலங்கட்டி. பிறகு மழை. பந்தல் துணியில் தண்ணீர் குளமாகத் தேங்கித் தொங்கியது. மழையைவிட அதற்குப் பின்னால் வந்த மூடுபனிதான் எங்களைப் பயமுறுத்தியது. அது கதவைக் கேட்டு வருவதில்லை. திரைச்சீலைக்கு அடியில் நுழைந்து, விரித்து வைத்திருந்த சேலைகளுக்கு மேலே வந்து நின்றது.

பட்டு ஈரத்தைக் குடிக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அதன் எடையே ஏறும். அதனால்தான் உலகப் பட்டு வியாபாரத்தில் கச்சாப் பட்டுக்கு 11 சதவீத ஈரம் என்று ஒரு கணக்கு வைத்து எடை போடுகிறார்கள். பிரான்சின் லியோன் நகரத்தில் அப்படிப் பட்டைச் சோதித்து எடை போடுவதற்கென்றே 1805-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் அப்பா அதையெல்லாம் படித்தவரில்லை. ஐப்பசியில் வாங்கும் நூலை விரல் இடுக்கில் உருட்டிப் பார்த்து, “தண்ணிக்குக் காசு குடுத்திருக்கோம்டா” என்பார். சேலையாக நெய்து முடித்த பிறகு எடை பெரிய பிரச்சினையில்லை. ஜரிகைதான் கவலை. ஈரத்தில் மடிப்பு மடிப்பாகக் கிடந்தால், மடித்த இடத்தில் ஜரிகை கறுக்கும். வாங்க வருகிறவர் முந்தியை விரித்ததும் அந்தக் கோடுதான் கண்ணில் படும். அன்று ராத்திரி ஒவ்வொரு சேலையாகப் பிரித்து, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மாற்றி மடித்து, பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தோம். விரல் விறைத்துப்போய் ஓரத்தோடு ஓரம் சேராது. தறியில் நாள் முழுவதும் நாடா தள்ளினாலும் வலிக்காத கை, அந்தக் குளிரில் ஒரு சேலையை மடிக்க மறுத்தது.

பக்கத்துக் கடையில் தோடர் இனத்து அம்மா ஒருவர் பூத்துக்குளி வைத்திருந்தார். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக எம்பிராய்டரி செய்த போர்வை. மழை விடட்டும் என்று காத்திருந்த நேரத்தில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். துணியில் பென்சில் கோடு இல்லை, அச்சு இல்லை. பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணி எண்ணி ஊசி போகிறது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, எது நல்ல பக்கம் என்று கேட்டேன்.

“ரெண்டும் நல்ல பக்கம்தான், தம்பி. துணி கொஞ்சம் முரடா இருக்கணும். நூல் கண்ணுக்குத் தெரியணும், அப்பத்தான் எண்ண முடியும்,” என்றார்.

“நீங்களே நெய்யறதா, அம்மா?”

“நெசவு எங்களுக்குக் கிடையாது. துணி கீழேயிருந்துதான் வரும். எப்பவும் அப்படித்தான்.”

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் ஆரணிப் பட்டுக்கும் அந்தக் குறியீடு உண்டு. ஆனால் எனக்கு அந்தப் பெருமையைவிடப் பெரிதாகப் பட்டது அவர் சொன்ன கடைசி வார்த்தை. துரைமார்கள் வருவதற்கு முன்னாலேயே மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் துணி போய் வந்துகொண்டிருந்தது. மலைக்குத் துணி கொடுத்தது கீழே இருந்த ஏதோ ஒரு தறி. அந்தத் தறிக்காரனுக்கு மழை வேறு, போர்த்திக்கொண்டவருக்கு மழை வேறு.

இந்த வேறுபாட்டில்தான் என் மனம் நிற்கிறது. உதகைக்கு ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, நடுவே சித்திரை வைகாசியில் இடி மழை. மேற்குச் சரிவில் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. கிழக்கே கேத்தி, குன்னூர்ப் பக்கம் 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மலைக்கு மழை ஒரு திசையில் தவறினாலும் இன்னொரு திசை பார்த்துக்கொள்ளும். வட ஆற்காட்டுக்கு அந்த வசதி குறைவு. எங்கள் ஏரிகள் நிரம்புவது பெரும்பாலும் வடகிழக்கு மழையை நம்பித்தான். கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி அடைமழைக்குப் பிறகுதான் போக வேண்டும்.

1876-இல் அந்த வடகிழக்கு மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். மறு ஆண்டும் பருவத்துக்கு மழை இல்லை. தென்னிந்தியா முழுவதும் அரைக்கோடிப் பேருக்கு மேல் செத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறது. வட ஆற்காடு கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அதே 1877-இல் உதகையில் கவர்னருக்குப் புதிய மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. பின்னாளில் ராஜ்பவன் என்று பெயர் பெற்றது அதுதான். கட்டியவர் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு.

அவரை ஒரேயடியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. சென்னையில் அவர் பெயர் தாங்கிய கால்வாயின் ஒரு பகுதி, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தது, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இந்திய அரசாங்கம் கல்கத்தாவிலிருந்து அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியை வெட்டினார். ஒரு ராத்தல் என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு. கல் உடைக்கிற மனிதனுக்கு இது காணாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்தியது. பத்திரிகையாசிரியர் வில்லியம் டிக்பி 1878-இல் எழுதிய பஞ்ச வரலாற்றில் இந்தச் சண்டைகளை விரிவாகப் படிக்கலாம். கார்னிஷைப் போல ஒரு மருத்துவர் அன்று இல்லாமல் போயிருந்தால் எங்கள் பக்கத்தில் இன்னும் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்குமோ.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. பஞ்சத்தில் முதலில் விழுகிறவன் நெசவாளி. விவசாயி மழை இல்லாததால் விழுகிறான். நெசவாளி விழுவதற்கு மழை நிற்கக்கூட வேண்டியதில்லை; நெல் விலை ஏறினாலே போதும். சோற்றுக்குக் காசு இல்லாத நாளில் யார் சேலை வாங்குவார்? தறி நின்றதும் அவனைக் கல் உடைக்கவும் மண் வெட்டவும் அனுப்பினார்கள். பட்டு இழையை அறுந்த இடத்தில் முடி போடத் தெரிந்த விரல், நான்கு நாள் கடப்பாரை பிடித்தால் இழையின் மென்மையை உணராது. பஞ்சம் தீர்ந்து அவன் வீடு திரும்பினாலும் தொழில் திரும்பாது. அச்சும் விழுதும் விற்றுத் தின்றிருப்பான். கை மரத்திருக்கும். இது யாருக்குப் புரிய வேண்டும்? குழித்தறியில் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் புரியும்.

1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதையொட்டிப் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. நெசவாளர் போன்ற கைத்தொழிலாளருக்கு அவர்கள் தொழிலிலேயே நிவாரணம் கொடுக்கலாம், நூல் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி அந்த விதிகளுக்குள் வந்தது. எங்கள் கூட்டுறவுச் சங்கம் இன்று நூல் கொடுத்துக் கூலி கொடுத்துச் சேலையை எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த யோசனைக்குப் பின்னால் எத்தனை சாவு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அரசாங்கம் மலை ஏறும் வழக்கத்தை எதிர்த்துச் சென்னைப் பத்திரிகைகளும் பொதுச் சபைகளும் எழுப்பிய குரலும் அந்தப் பத்தாண்டுகளில்தான் வலுத்தது. ஆறு மாதம் மக்கள் கையில் அகப்படாத அரசாங்கம் என்பதுதான் அவர்களின் குறை. கோடைத் தலைநகர் வழக்கம் பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. சல்லிவனின் கல் பங்களா வளாகத்தில் 1955-இலிருந்து அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. படுகர் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் அங்கே பட்டம் வாங்குகிறார்கள். அந்த மலையில் எனக்கு மனசு நிறைந்த இடம் அது.

சேவூரில் மழை எப்படி வேலையை நிறுத்துகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். பட்டுப் பாவைத் தெருவில் விரிப்பது விடியற்காலையில். இந்த முனையில் ஒரு வீடு, அந்த முனையில் ஒரு வீடு, நடுவில் தெரு நீளத்துக்கு நூல். நாலு பேர் குச்சி மாற்றி, அறுந்த இழை பார்த்து, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும். ஒரு தூறல் விழுந்தால் போதும், இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அடைமழை பிடித்தால் பாவு வேலை அப்படியே நிற்கும். வீட்டுக்குள் இன்னொரு தொல்லை. கால் மிதிக்கும் குழியில் தண்ணீர் ஊறும். பாத்திரம் வைத்து இறைத்துக்கொண்டே நெய்தவர்கள் உண்டு. ஜக்கார்டு அட்டைகள் ஈரத்தில் உப்பி, ஊசி துளையில் இறங்காது, பூ பிசகும். பிசகிய சேலைக்குக் கூலியில் பிடித்தம். ஆக, மழை நாளில் நெய்தாலும் நஷ்டம், நெய்யாவிட்டாலும் நஷ்டம்.

மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவர்களுக்கு நிவாரணம் இருக்கிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழை மாதங்களுக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறார்கள். இரண்டும் மிக நியாயமானவை. அந்த வரிசையில் குழித்தறி நெசவாளியும் நிற்க வேண்டியவன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு மழைக்கால உதவித்தொகை வேண்டும் என்று எழுதும் மனுவில் நான் தாது வருஷத்தையும், பஞ்ச விதிகளையும் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். கடைசி வரியில் கேட்டிருப்பது இதுதான்: தறிகளைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் மே மாதத்தில் வர வேண்டாம், குழியில் தண்ணீர் நிற்கும் ஐப்பசியில் வரட்டும்.